சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்

தொல்காப்பியத்தையுங் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் தமிழ்த்தொண்டினை நம்மவர் நன்கறிவர். அவர்கள் எக்கூட்டத்தினரோடு வைத்தெண்ணப்பட்டார்கள் என்பதை ஆராய்வோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்தார்கள். சுன்னாகம் முத்துக்குமாரகவிராயரிடத்துத் தமிழ் கற்று, பின் அமெரிக்க மிஷனாரது வட்டுக்கோட்டைச் செமினறியிற் சேர்ந்தார்கள். அக்காலத்திலே உயர்தர ஆங்கிலக் கல்வியும், அதனால் வரும் உத்தியோகமும் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாதிரிமார் வழியாகவே கிடைத்தன. கல்வியோடு மதமும், மதத்தோடு பெயரும் வந்தன. வைரவநாதர் புதல்வர் சார்ள்ஸ் வின்சுலோ ஆயினார். 1823இலே தொடங்கிய அச்செமினறியை மிஷன் தலைவர்கள் 1855இலே மூடிவிட்டனர். கற்றவருட் பலர் மதவூழியத்தை விடுத்து உத்தியோகத்தை நாடியமை அதற்கு ஒரு காரணம். அதிகாரமுடையோர் கொடுத்த இடம் அவர் விருப்பமுள்ளவரையுமே நிற்பதென்பது இதனாற் புலனாம்.

சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். ஒருவர் காறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் நம் பிள்ளையவர்கள். இருவரும் யாழ்ப்பாணத்தாரே. பட்டமும் பதவியும் பெற்றபின் பிள்ளையவர்கள் முன்னோர் சமயத்துக்கே மீண்டு, 1867இலே சைவமகத்துவம் என்னும் நூலை வெளியிட்டார்கள். ஆறுமுகநாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார்கள். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் விளங்கி, 1901இலே சிவபதமடைந்தார்கள்.

அவர்கள் பெயரின் முதலெழுத்துக்களை நோக்குமின். ஆங்கிலத்திற் சி. டபிள்யூ. என எழுதின் சார்ள்ஸ் வின்சுலோவாம், தமிழிற் சி. வை. என எழுதின் சிறுப்பிட்டி வைரவநாதராம். மிஷனார் கொடுத்ததும் பெற்றோர் கொடுத்ததும் அப்பெயரில் ஒருங்கே நின்றன.

தந்தை விட்ட மதத்தை மைந்தர் ஏற்றார். புதல்வர் அழகசுந்தரம் கிறிஸ்து மதஞ் சார்ந்து, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயருடைய போதகராயினார். ஆயினும் 1921இலே நம் நாயன்மார் திருப்பாடல்கள் சிலவற்றைப் பிலிப்ஸ் என்பவரோடு கூடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவரே. ஒரு தலைமுறையின் தீர்மானம் அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்துவதில்லை; அங்ஙனமே, மதம் மாறினமையால் உறவனைத்தும் அற்றுப்போவதுமில்லை.

பிள்ளையவர்கள் மீண்டு வந்ததனை நாம் பெருமையோடு பேசுகின்றோம். கல்வியும் பதவியும் உடையவரை வரவேற்றல் எளிது. அவையில்லாத நம்மவர் வந்தபோது நாம் செய்தது யாது? 1968இலே மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலில் வழிபட வந்த சைவரையே சாதி கூறித் தடுத்தோர் நம்மிடையே இருந்தனரன்றோ? வெள்ளைக்காரர் தம் வாயிலில் விதித்த நிபந்தனையைக் குறைகூறும் நாம், நம் வாயிலில் விதித்ததையும் ஆராய்தல் வேண்டும். பள்ளிப்பிள்ளைகளுக்குப் பிள்ளையவர்கள் சரிதத்தைக் கற்பிக்குங்கால், பதிப்பித்த நூல்களின் பெயரோடு இதனையுஞ் சேர்த்துக் கற்பிப்போமாக.