பறவை மனிதரும் எருமைமாடும்

இந்த முறை பெரியோர் வாழ்க்கை பகுதிக்கு நான் சலீம் அலியை எடுத்துக்கொண்டேன். உயிருள்ள காரணி, உயிரற்ற காரணி என்று அறிவியலில் படித்தோம் இல்லையா, அதற்கு அவர் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கு. அவர் ஜெயித்த இடமும் இருக்கு, தோற்ற இடமும் இருக்கு.

அவர் 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார்.  மூணு வயசுக்குள்ளேயே அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். தாய்மாமாதான் வளர்த்தார். சின்னப் பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் பாடம் பண்ணி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த ஆசைதான், கடைசிவரை விடவில்லை.

பர்மாவில் வியாபாரம், ஜெர்மனியில் பறவைப் படிப்பு இதையெல்லாம் இடம் இல்லாததால் விட்டுவிடுகிறேன். 1930-ல் ஊர் திரும்பினபோது அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலையே இல்லை. பணம் இல்லைன்னு எடுத்துட்டாங்க. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனார். வேற யாராவது இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார், மழைக்காலம் முழுக்க!

கூடு கட்டுவது ஆண் குருவிதான். தொப்பி மாதிரி பாதி வந்ததும் நிறுத்திவிடும். பெண் குருவி வந்து உள்ளே பார்க்கும். பிடித்தால்தான் குடிவரும், அப்புறம்தான் மீதியைக் கட்டும். பிடிக்காவிட்டால் அது அப்படியே தொங்கவேண்டியதுதான். பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூடு, அடுத்த ஜோடி என்று போய்விடும். இதையெல்லாம் அவர் விவரமாக எழுதினார்.

நம்ம காரைக்கால் பக்கம் பனைமரத்தில் இந்தக் கூட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து புல்லும் நெல்லும் நீளமாக வளர்ந்தால்தான் அதற்கு நார் கிழிக்க முடியும், குஞ்சுக்குப் பூச்சியும் கிடைக்கும். மழை உயிரற்ற காரணி, புல்லும் பூச்சியும் உயிருள்ளவை. பாம்புக்கும் காக்காய்க்கும் பயந்து மட்டை நுனியிலோ, முள் மரத்திலோ, கிணற்றுக்கு மேலேயோ கட்டும். பெருங்காற்று அடிக்கிற திசைக்கு மறுபக்கம் பார்த்துத் தொங்கவிடும். உள்ளே களிமண்ணும் ஒட்டும். அதில் மின்மினிப்பூச்சியைப் பதித்து விளக்கு வைக்கும் என்று எங்க அப்பாயி சொல்வாங்க. கேட்க அழகாத்தான் இருக்கு, ஆனால் உண்மை இல்லை. காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்க அந்த மண் பாரம் உதவும் என்கிறார்கள்.

அவர் எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகம் 1941-ல் வந்தது. 1950-ல் சுவீடனில் நடந்த மாநாட்டுக்கு மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனாராம், அவருக்கு வண்டி மேல் அவ்வளவு ஆசை. நமக்குத் தெற்கே இருக்கும் கோடிக்கரையில்கூட அவருடைய சங்கத்தார் பல வருஷம் பறவைகளின் காலில் வளையம் மாட்டி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார்கள். அந்த இடம் 1967-ல் சரணாலயம் ஆனது.

இனிமேல்தான் எருமைக் கதை. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறை எழுதலாமா என்று யோசித்தேன். விட்டால் பாதிக் கதைதான்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊரில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. முன்பு ராஜா வேட்டையாடிய இடம். 1938-ல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள்! சுதந்திரத்துக்கு அப்புறம் தண்ணீரை வடித்து வயலாக்க வேண்டும் என்று கேட்டார்கள். நேருவிடம் பேசி அதைக் காப்பாற்றியதில் சலீம் அலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அக்கம்பக்கத்துக் கிராமத்து எருமைகள் காலங்காலமாக அங்கேதான் மேய்ந்தன. எருமை பறவைக்குக் கெடுதல் என்று நினைத்து 1982-ல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். சலீம் அலியும் அதை ஆதரித்தார். கிராமத்துக்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டதில் சில பேர் இறந்தேபோனார்கள். மாட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது சோறு போகிற விஷயம். இதைப் படித்தபோது எனக்கு மனசே சரியில்லை.

எருமை போனதும் தண்ணீரில் ஒரு வகைப் புல் மளமளவென்று வளர்ந்து மூடிக்கொண்டது. வாத்து நீந்தத் திறந்த தண்ணீர் வேண்டாமா? மீனும் குறைந்தது, பறவையும் குறைந்தது. நம்ம ஊர் வாய்க்காலில் எருமை இறங்கினால் புல்லைத் தின்னும், சேற்றை மிதிக்கும், பின்னாலேயே உண்ணிக்கொக்கு பூச்சி பொறுக்கும். அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கிறது. தெரிந்து சொன்னது யார் என்றால் அவருடைய சங்கத்தின் ஆராய்ச்சியாளர்களேதான். பத்து வருஷம் அங்கேயே ஆராய்ந்து, எருமைதான் புல்லை அடக்கி வைத்திருந்தது என்று எழுதினார்கள். முழு அறிக்கை வருவதற்குள் 1987 ஜூன் 20-ல் சலீம் அலி காலமாகிவிட்டார்.

எருமையைத் திரும்ப விடவில்லை. பிற்பாடு கிராமத்து ஆட்கள் உள்ளே வந்து புல் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எருமை வாயால் செய்த வேலையை மனுஷங்க கருக்கரிவாளை வைத்துச் செய்தார்கள்.