பிள்ளைகளின் மூச்சுக்காகப் போராடிய செவாலியர் ஜாக்சன்

குழந்தையின் மூச்சுக்குழாயில் ஓர் ஊசியோ கச்சான் பருப்போ சிக்கினால், ஒரு நூற்றாண்டுக்கு முன் பெற்றோருக்குப் பெரிய வழி எதுவும் இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன்.

1865இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த அவர், 1886இல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வெளிச்சம் பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாகச் செலுத்தி, தானே வடிவமைத்த இடுக்கிகளால் பொருட்களை வெளியே எடுத்தார். அவர் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட பொருட்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

ஆனால், உயிர் காக்கும் சிகிச்சையே பிள்ளைக்கு ஊறு செய்யலாம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பச்சிளம் குழந்தையின் மூச்சுவழி மிக ஒடுக்கமானது. 4 மில்லிமீட்டர் அகலமான வழியில் சுற்றிவர 1 மில்லிமீட்டர் வீங்கினாலே, காற்று போகும் இடம் கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

மூச்சுத் திணறிய பிள்ளைகளுக்கு அவசரத்தில் கழுத்தைத் திறந்து குழாய் வைத்தார்கள். பலர் குரல்வளைக்கு மிக அருகில் வெட்டினார்கள். அங்கிருக்கும் குருத்தெலும்பு வளையம் புண்ணாகி, தழும்பு வளர்ந்து, வழி அடைபட்டது. பிள்ளை பிழைத்தது, ஆனால் குழாயைக் கழற்ற முடியவில்லை. இந்தப் பழி நோய்க்குரியதல்ல, வெட்டிய இடத்துக்குரியது என்று 1921இல் அவர் தன் துறையினருக்கே எழுதிக் காட்டினார். இன்னும் கீழே வெட்டுங்கள் என்ற அவரது பாடம் நிலைபெற்றது.

வீடுகளில் சவர்க்காரம் காய்ச்சவும் துப்புரவுக்கும் வைத்திருந்த கோஸ்டிக் காரத்தைக் குழந்தைகள் விழுங்கி, உணவுக்குழாய் வெந்து அவரிடம் வந்தார்கள். சிகிச்சையோடு அவர் நின்றுவிடவில்லை. போத்தல்களில் நஞ்சு எச்சரிக்கை வேண்டும் என்று வருடக்கணக்காக வாதாடினார். 1927இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது.

காசநோய் அவரைப் பலமுறை படுக்கையில் தள்ளியது. ஆயினும் 1958இல், 92ஆவது வயதில் மறையும்வரை நீண்ட வாழ்வு வாழ்ந்தார்.

இன்று நாம் வாழும் நாடுகளில் நல்ல வைத்தியசாலைகள் இருக்கின்றன. என்றாலும் கச்சான் பருப்பு, பட்டன் பற்றரி, சிறு காசுகள் ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பது நம் வேலைதான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென இருமத் தொடங்கி, பிறகு இருமல் அடங்கினாலும், வைத்தியரிடம் காட்டாமல் விடக்கூடாது.