தென்னையிலிருந்து மண் ஈரம் வரை

விக்ரம் சாராபாய் என்றதும் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். 1919-ல் அகமதாபாத் ஆலை அதிபர் வீட்டில் பிறந்தவர். 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட் ஏவியபோது அவரது குழுவில் ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாமும் இருந்தார்.

விவசாயிகள் நினைக்க வேண்டிய ஆண்டு 1970. சாராபாய் தலைமைக் காலத்தில், வானிலை அறிஞர் பி.ஆர்.பிஷாரடியின் குழு கேரளத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, வேர்வாடல் நோய் கண்ட தென்னைகளை அகச்சிவப்புப் படங்களில் அடையாளம் கண்டது. நம் நாட்டுத் தொலையுணர்வு தொடங்கியது அங்கேதான். 1971 டிசம்பர் 30-ல் கோவளத்தில் சாராபாய் காலமானார். வயது 52 தான். புவியைக் கண்காணிக்கும் முதல் பாஸ்கரா செயற்கைக்கோள் 1979-ல் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

இன்று செயற்கைக்கோள்கள் மண் ஈரத்தையே அளக்கின்றன. ஆனால் நாசாவின் ஸ்மாப் அறிவது மேல்மண்ணில் 5 செ.மீ. ஈரத்தை மட்டுமே, ஒரே பார்வையில் சுமார் 40 கி.மீ. பரப்பைச் சேர்த்து அளக்கிறது. ராமநாதபுரம் கரையோரம் அதற்குள் கடலும் கண்மாயும் கலந்துவிடும். காய்ந்த மிளகாய்க் காடும் ஈரமாகத் தெரியலாம். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும். எந்தக் கோளின் கணக்கானாலும், வயல் மண்ணை எடுத்து, ஈரமாகவும் உலர்த்தியும் எடைபோட்டு ஒப்பிட்ட பிறகே வறட்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.