முந்திரிகைத் தோட்டத்தாருக்கு வழிகாட்டிய பங்குக்குரு



திருப்பலியில் குருவானவர் உயர்த்தும் பாத்திரத்தில் இருக்கும் முந்திரிகை இரசம், எங்கோ ஒரு குடியானவனின் உழைப்பில் விளைந்தது. அந்தப் பழத்தை விளைவித்தவன் உண்டானா, பட்டினி கிடந்தானா, கடன் தாங்காமல் ஊரைவிட்டுப் போனானா என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்ட ஒரு பங்குக்குருவின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறோம். அவர்தான் லோரென்சோ குவெத்தி அடிகளார்.

16ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய திரெந்து நகரை நீங்கள் ஞானோபதேச வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்நகரைச் சூழ்ந்த மலைநாடே திரெந்தீனோ. இன்று அது வட இத்தாலியில் இருக்கிறது. அடிகளாரின் காலத்தில் ஒஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அங்கு லோமாசோப் பகுதியைச் சேர்ந்த வீகோ என்ற சிற்றூரில், 1847ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் அவர் பிறந்தார். 1870இல் குருப்பட்டம் பெற்றார்.

அவர் பணியேற்ற காலம் பொல்லாத காலம். 1859இலும் 1866இலும் அயல் மாகாணங்கள் இத்தாலியோடு சேர்ந்துவிட, பழைய சந்தைகளுக்கும் திரெந்தீனோவுக்கும் இடையே சுங்க எல்லை வந்து விழுந்தது. பட்டுப்புழுவை நோய் அழித்தது. முந்திரிகைக் கொடியின் இலையையும் பழத்தையும் பூஞ்சண நோய்கள் தின்றன. 1882இல் பெருவெள்ளம் வந்து வயல்களை வாரிச் சென்றது. வட்டிக்கு வாங்கியவன் காணியை இழந்தான். காணியை இழந்தவன் குடும்பத்தோடு பிரேசிலுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் கப்பலேறினான்.

அடிகளார் என்ன செய்தார் தெரியுமா? முதலில் கணக்கெடுத்தார். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார்கள் என்று திரட்டி, 1888இல் நூலாகவே வெளியிட்டார். போகாதே என்று பிரசங்கத்தில் சொல்வது எளிது. போகாமல் இருந்தால் எதைத் தின்பது என்ற கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம். அந்த விடையைத் தேடி அவர் புறப்பட்டார்.

ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஊர்த்தலைவர் ஏழை விவசாயிகளுக்காகக் கடன் சங்கங்களை அமைத்திருந்தார். அவர் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். நல்லதை யார் செய்தாலும் நல்லதே என்று அடிகளார் அவ்வழியைக் கைக்கொண்டார். 1890இல் பிளேஜ்ஜோப் பகுதியில், நாம் சங்கக்கடை என்று சொல்வதைப் போன்ற ஒரு கடை அவர் முயற்சியால் எழுந்தது. தொழிலாளர் நிலைபற்றிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தமது புகழ்பெற்ற திருமுகத்தை வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 1892இல் குவாத்ராவில் கிராமக் கடன் சங்கம் பிறந்தது. அயலவர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே அதன் முதல் ஈடு. சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் யாவரும் தத்தம் உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பேற்றனர். இதே ரைபைசன் முறைதான் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு நம் இலங்கைக் கிராமங்களுக்கும் வந்தது.

1895இல் சங்கங்கள் யாவும் ஒரு சமாசமாக இணைந்தன. அடிகளாரே அதன் முதல் தலைவர். அப்போது ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. சங்க விதிகளிலேயே சமய அடையாளம் எழுதப்பட வேண்டும் என்று உடன் குருக்கள் சிலர் வற்புறுத்தினர். அடிகளார் அதற்கு உடன்படவில்லை. பசிக்குச் சமயமில்லை, ஆகவே கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், குடியானவரே தம் சங்கத்தை நடத்தப் பழக வேண்டும் என்பது அவரது நிலை. விசுவாசம் குறைந்தவரல்லர் அவர். விசுவாசத்தைச் செயலில் காட்ட விரும்பியவர். 1897இல் மக்கள் அவரை வியன்னாப் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தனர். ஆனால் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், பியாவே என்ற ஊரில், தமது 51ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

வாசகர்களே, முந்திரிகைத் தோட்டக்காரனின் இக்கட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். நெல்லைக் கோற்றையில் போட்டு நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். பழுத்த முந்திரிகை காத்திராது. சிறு துண்டுக் காணி உள்ளவனுக்கு ஆலையும் மரப்பீப்பாவும் வாங்கப் பணமேது? அறுவடை நாளில் வியாபாரி சொன்னதே விலை. இதற்குத் தீர்வு கூட்டுறவு இரச ஆலை. ஒவ்வொருவனும் தன் பழத்தைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுப்பான். எல்லாருடைய பழமும் பொது ஆலையில் பிழியப்பட்டு, இரசம் விற்றபின் பங்குக்கேற்பப் பணம் பிரிக்கப்படும். அடிகளார் காட்டிய ஒற்றுமை வழியில், 1904இல் மெட்சோகொரோனா ஊரில் இத்தகைய ஆலை ஒன்று எழுந்தது. பின்னர் ஊரூராகப் பல எழுந்தன. 1950இல் காவித் என்ற ஒன்றியம் தோன்றியது. இன்று அம்மலைநாட்டு இரசத்தின் பெரும்பகுதி கூட்டுறவு ஆலைகளிலிருந்தே வருகிறது. தெரோல்தேகோ என்ற சிவப்பு இரசம் அந்நாட்டின் பெருமை.

அடிகளார் பிறந்த ஊருக்குக் கிழக்கே, ஏரிகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இன்னொரு இரசம் உண்டு. நொசியோலா என்ற வெண் பழத்தை அறுவடைக்குப்பின் பரண்களில் பரப்பி, மாதக்கணக்காகக் காற்றில் உலர்த்துவார்கள். பெரிய வாரத்தில் அதைப் பிழிவார்கள். சிறு பீப்பாக்களில் பல ஆண்டுகள் வைத்தபின்பே பருகக் கொடுப்பார்கள். அதற்குப் புனித இரசம் என்று பெயர். 1960இல் அமைந்த தொப்லீனோக் கூட்டுறவு ஆலையும் அதைச் செய்து வருகிறது.

இந்த ஆலைகளில் ஒன்றிலும் வடிந்த இரசத்தை அடிகளார் சுவைத்ததில்லை. கொடியை நடுபவன் ஒருவன், பழத்தைப் பறிப்பவன் வேறொருவன். அதற்காக அவர் நடாமல் விடவில்லை. நம் பங்கிலும் கடனால் தலைகுனிந்து நிற்கும் அயலவர் உண்டல்லவா? வருகிற ஞாயிறு பாத்திரம் உயர்த்தப்படும்போது, அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்தபின் அவர்கள் வீட்டு வாசலுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.