உயிருள்ள உருவம் தேடிய ஓவியர் இரவிவர்மா

நம் காலனி இல்லங்களின் பூசை மாடத்தை நோக்கினால், தாமரைமேல் நிற்கும் திருமகளும் வீணை ஏந்திய கலைமகளும் காட்சி தருவர். அவ்வுருவங்களுட் பலவற்றுக்கு மூலம் ஒரே ஓவியரின் தூரிகை. அவை அச்சேறி நாடெங்கும் பரவியது இந்தப் பம்பாய் மாநகரிலிருந்துதான். அவ்வோவியர் இராஜா இரவிவர்மா. மனித உடல் நிற்பதையும் திரும்புவதையும் துவள்வதையும் அவர் எங்கே பார்த்துக் கற்றார் என்பதையே ஈண்டு கூற விழைகின்றோம். நம் சிறுவர்களிடம் ஓடுகிறவனை வரையச் சொன்னால், நிற்கிறவனையே வரைந்து தருகின்றனர். அவர்கள் மீது குற்றமில்லை. ஓடுகிறவன் அவர்களுக்காக நிற்பதில்லையே!

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-இல் பிறந்தவர் இரவிவர்மா. அரண்மனைச் சுவர்களில் கரியால் கிறுக்கிய பிள்ளையைக் கண்டிக்காமல், முதற் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாய்மாமன். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார். ஆங்கு அரசவை ஓவியராக விளங்கியவர் மதுரை இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளைஞருக்குக் கற்பிக்க அவர் உடன்படவில்லை. நம்மவர் ஒருவர் இவ்வாறு கதவடைத்தார் என்பது நமக்குச் சற்றே நாணம் தருகிறது. ஆயினும் அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்பதில் ஆறுதல் கொள்கின்றோம். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனும் பாடம் சொல்லவில்லை. தாம் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். அந்தப் பார்வையே கல்வியாயிற்று.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியன்னாவிலும் அதே ஆண்டில் பரிசு. 1876-இல் தரையில் கவிழ்ந்து படுத்து மடல் எழுதும் சகுந்தலையை வரைந்தார். அதனைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் விலைக்கு வாங்கினார்.

புகழ் வந்தது, ஆனால் மாதிரியாக அமர ஆள் வரவில்லை. நற்குடிப் பெண்டிர் அந்நியர் முன் ஒரே நிலையில் பல நாழிகை அமர்வதை அக்காலச் சமூகம் ஏற்கவில்லை. உறவினர் சிலர் அமர்ந்தனர். பிற்காலத்தில் பம்பாயில் இசை வல்ல கோவாப் பெண்டிர் கைகொடுத்தனர். 1888-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் பதினான்கு புராண ஓவியங்களைக் கேட்டபோது, தமயந்தியும் சீதையும் எவ்வுடை உடுத்திருப்பர் என்ற ஐயம் எழுந்தது. தம்பி இராஜராஜ வர்மாவுடன் வடநாடு சென்று கோயில்களையும் மக்களையும் கண்டார். முடிவில் சேலையே அவருடைய நாயகியரின் ஆடையாயிற்று.

தம்பியார் எழுதிவைத்த நாட்குறிப்பு நமக்கு ஒரு புதையல். சகோதரர் இருவரும் பம்பாயில் நாடகம் காணச் சென்றதையும், புகைப்படங்களைப் பயன்படுத்தியதையும் அதனால் அறிகின்றோம். நாடக நடிகன் சினத்தின் உச்சியிலோ துயரத்தின் உச்சியிலோ ஒரு கணம் சிலையாக நிற்பான். ஓவியனுக்கு அக்கணம் போதும். புகைப்படமோ அதைக் கையிலேயே பிடித்துத் தந்துவிடும். அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் ஓடுவோரையும் மல்லரையும் விலங்குகளையும் கணம் கணமாகப் படம் பிடித்து, 1887-இல் 781 தகடுகள் கொண்ட தொகுதியாக வெளியிட்டது இதே காலத்திற்றான்.

சடாயுவின் சிறகை வெட்டும் இராவணனும், காணச் சகியாது முகம் மறைக்கும் சீதையும் உள்ள ஓவியத்தை நோக்குக. எந்த மாதிரியாளும் அந்நிலையில் கால் நாழிகை நிற்க இயலாது. ஓங்கிய கையை ஓரிடத்தும் திரும்பிய கழுத்தை வேறிடத்தும் பார்த்து இணைத்தே இத்தகைய ஓவியத்தை ஆக்கல் வேண்டும். அவர் மறைந்தபின், ஆனந்த குமாரசாமி போன்றார் இவ்வோவியங்களில் நாடக மேடை தெரிகிறது எனக் குறை கூறினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தேவர்கள் சில படங்களில் திரை தூக்கக் காத்திருப்பவர் போலவே நிற்கின்றனர். எனினும் முள் எடுப்பது போலக் காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையைக் காண்க. ஒற்றைக் காலில் உடற்பாரம் இறங்க, தோழியின் தோளில் கை ஊன்றிய அந்த நிலை மேடையில் பிறந்ததன்று. தாராவிச் சந்தில் செருப்பில் கல் புகுந்த பெண்பிள்ளையிடம் இன்றும் அதனைக் காணலாம்.

படங்களை அச்சிட்டு எளியோர்க்கும் வழங்குமாறு அவரைத் தூண்டியவர் கும்பகோணத்திற் பிறந்த சர் டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பின்னர் பிளேக் நோய் பரவிய காலத்தை ஒட்டி அச்சகம் மளவலிக்கு மாறிற்று. புனே வண்டியில் லோணாவளா தாண்டியதும் வரும் சிறு நிலையம் அது. விரைவு வண்டிகள் அங்கு நிற்பதில்லை. அச்சகம் பொருள் இழப்பையே தந்தது. ஜெர்மானியர் ஷ்லைக்கர் கைக்குப் போயிற்று. 1905-இல் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2-இல் இரவிவர்மாவும் மறைந்தார்.

அவ்வச்சகத்துக்காகப் பணியாற்றியோருள் ஒருவர் தாதாசாகிப் பால்கே. 1913-இல் இராஜா அரிச்சந்திரா என்ற சலனப் படத்தை வெளியிட்டு, நின்ற உருவங்களை நடக்கச் செய்தவர் அவரே. அவருக்கும் நடிக்கப் பெண் ஒருத்தியும் இசையவில்லை. உணவு விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்த சாளுங்கே என்னும் இளைஞரே சேலை உடுத்து அரிச்சந்திரனின் மனைவியாக நின்றார்.