ஓவியத்தின் முன் ஒரு வகுப்பறை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

அருங்காட்சியகம் என்றதும் நம் மனக்கண்முன் வருபவை யாவை? கண்ணாடிப் பெட்டிகள், முக்காலியில் அமர்ந்திருக்கும் காவலர், தொடாதீர்கள் என்னும் அறிவிப்புப் பலகை. பழம்பொருள்களைப் பூட்டி வைக்கும் இடம் அது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அந்த இடத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பறையாக்க முடியும் என்று கண்டவர், கண்டதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர், ஜெர்மனி நாட்டின் ஆல்பிரெட் லிக்ட்வார்க் ஆவார். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி மாணவர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மாவு ஆலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை

லிக்ட்வார்க் 1852-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், ஹாம்பர்க் நகரை அடுத்த ரைட்புரூக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மாவு ஆலை நடத்தியவர். செல்வம் இல்லாத குடும்பம். ஓவியமோ சிற்பமோ அவர் வீட்டுச் சொத்தாக இருக்கவில்லை. இளம் வயதிலேயே பள்ளி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தார். ஹாம்பர்க்கில் கைவினைக் கலை அருங்காட்சியகத்தை நிறுவிய யுஸ்டுஸ் பிரிங்க்மான் என்னும் அறிஞர் இந்த இளம் ஆசிரியரின் ஆர்வத்தைக் கண்டு ஊக்கமளித்தார். உதவித்தொகை பெற்று லைப்சிக், பெர்லின் நகரங்களில் கலை வரலாறு பயிலச் சென்றபோது லிக்ட்வார்க்குக்கு ஏறக்குறைய 28 வயது. பிறகு முனைவர் பட்டமும் பெற்றார்.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்தப் பகுதியைப் படித்தபோது சற்று நின்றுதான் மேலே சென்றேன். கலை என்பது பரம்பரையாக வர வேண்டியதில்லை, கற்றுக்கொள்ளக் கூடியது என்னும் உறுதி அவருக்குத் தம் வாழ்விலிருந்தே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கதவு திறந்தது

ஹாம்பர்க் கலைக்கூடம் 1869-இல் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநராக 1886-இல் லிக்ட்வார்க் அமர்த்தப்பட்டார். அருங்காட்சியகம் வருவோருக்காகக் காத்து நிற்கும் கட்டடமாக இருக்கக் கூடாது, மக்களுக்குக் கல்வி அளிக்கும் நிலையமாகச் செயல்பட வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. அதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் காட்டினார். வாங்குபவனுக்கு நல்லது எது என்று பார்க்கத் தெரியாவிட்டால், செய்பவனும் நல்லதைச் செய்ய மாட்டான். ஆகையால் மக்களின் கண்ணைப் பழக்குவது நாட்டின் தொழிலை வளர்ப்பதும் ஆகும் என்றார்.

பிள்ளைகளைக் கலைக்கூடத்துக்கு அழைத்து அவர் நடத்திய பாடங்கள் 1897-இல் நூலாக வெளிவந்தன. கலைப் படைப்புகளைப் பார்க்கும் பயிற்சிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் முறை மிக எளியது. பிள்ளைகளை அறை அறையாக ஓட்டிச் செல்வதில்லை. ஒரே ஓவியத்தின்முன் நிறுத்துவார். ஓவியர் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த மரபைச் சேர்ந்தவர் என்றெல்லாம் தொடங்குவதில்லை. படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார். விடையைப் பிள்ளைகள் படத்திலேயே தேட வேண்டும். படம் நன்றா, தீதா என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தொலைநாட்டு மேதைகளுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குப் பழக்கமான சொந்த ஊர்க் காட்சிகளையும் சொந்த ஊர் ஓவியர்களையும் காட்டினார்.

தாவரவியல் செய்முறை வகுப்பில் நாம் செய்வதும் இதுதானே! இலையின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் நரம்பமைப்பைப் பார்த்து வரை என்கிறார்கள் நம் விரிவுரையாளர்கள். பெயர் தெரிந்துவிட்டால் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கலைக்கும் அறிவியலுக்கும் வாயில் ஒன்றே என்பதை நான் லிக்ட்வார்க்கிடம் கற்றேன்.

ஆசிரியர்களின் துணைவர்

ஓர் இயக்குநர் எத்தனை வகுப்புகளை நடத்த முடியும்? ஆசிரியர் கற்றால்தான் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் கற்பர். இதை உணர்ந்த ஹாம்பர்க் ஆசிரியர்கள், கலைக் கல்வியை வளர்ப்பதற்கென 1896-இல் ஒரு சங்கம் அமைத்தனர். லிக்ட்வார்க் அதற்குத் தூணாக நின்றார். மேற்சொன்ன நூலை வெளியிட்டதும் அச்சங்கமே. 1898-இல் கார்ல் கோட்சே என்னும் ஆசிரியரின் முயற்சியால் குழந்தைகள் தாமே வரைந்த படங்கள் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெரும் ஓவியர்களின் படைப்புகள் இருக்கும் கட்டடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கிறுக்கல்கள்! இயக்கம் நாடெங்கும் பரவியது. டிரெஸ்டன் (1901), வைமர் (1903), ஹாம்பர்க் (1905) ஆகிய நகரங்களில் கலைக் கல்வி மாநாடுகள் கூடின.

கலைக்கூடத்தையும் அவர் வளர்க்காமல் விடவில்லை. மறக்கப்பட்டிருந்த ரூங்கே, பிரீட்ரிக் ஆகியோரின் ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். மாஸ்டர் பெர்ட்ராம் என்னும் ஓவியர் 1383-இல் ஹாம்பர்க் தேவாலயம் ஒன்றுக்காக முடித்த பெரும் பீட ஓவியம் கிராபோ என்னும் ஊரில் கிடந்தது. அதை 1903-இல் மீட்டு வந்தார். அதன் 24 காட்சிகளில் ஒன்றில் இறைவன் விலங்குகளைப் படைக்கிறார். உற்றுப் பார்த்தால், அப்போதே ஒரு விலங்கு ஆட்டின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருப்பது தெரியும். வேகமாகக் கடந்து செல்பவர் கண்ணுக்கு அது படாது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. மாக்ஸ் லீபர்மானைக் கொண்டு அவர் வரைவித்த நகரத் தலைவர் பீட்டர்சனின் உருவப்படம் (1891) பெரிய மனிதர்களின் சினத்துக்கு ஆளாகி, நெடுங்காலம் மக்கள் பார்வைக்கு வராமல் இருந்தது. அவர் தளரவில்லை. 1914 ஜனவரி 13-இல் மறையும்வரை அதே பதவியில் உழைத்தார். பின்னாளில் ஹாம்பர்க்கில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. ஜெர்மனியின் தலைமை அமைச்சராக விளங்கிய ஹெல்முட் ஷ்மிட் அங்கு பயின்றவர். அப்பள்ளியை நாஜி ஆட்சி 1937-இல் ஒழித்தது. தானே பார்த்துத் தானே சிந்திக்கும் பிள்ளைகளைச் சர்வாதிகாரம் விரும்புவதில்லை போலும்!

நமக்கு என்ன?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. ஹாம்பர்க் கலைக்கூடத்தைவிட மூத்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே உள்ளன. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் நானும் அங்கே சென்றேன். வரிசை கலையாமல் முக்கால் மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் கடந்து வெளியே வந்தோம். எதைப் பார்த்தோம் என்று வீட்டில் கேட்டபோது, திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இதில் எங்கள் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகளைத் தொலைக்காமல் திருப்பிக் கொண்டு வருவதே அவருக்குப் பெரும்பாடு. ஒரு சிலையின்முன் என்ன கேட்பது என்று அவருக்கும் ஒருவரும் கற்றுத் தரவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் பி.எட். முடித்து ஆசிரியர்களாகப் போகிறோம். நம்மிடம் வரப்போகும் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் அருங்காட்சியகத்தின் படியேறியவர்களாக இருக்க மாட்டார்கள். அப்பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறக்க ஆசிரியரை விட்டால் வேறு ஆள் இல்லை. நூறு சிலைகளைக் காட்ட வேண்டாம். ஒரு நடராசர் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைப்போம். எந்தக் கால் ஊன்றியிருக்கிறது, காலடியில் கிடப்பது யார், எத்தனை கைகள், எந்தக் கையில் நெருப்பு என்று கேட்போம். மற்றவற்றைப் பிள்ளைகளின் கண்களே பார்த்துக்கொள்ளும்.