28 வயதில் முதல் ஒலிம்பிக், 40 வயதில் 6-வது தங்கம்: கயாக் வீரர் ஃப்ரெட்ரிக்சனின் கதை

1960 ஆகஸ்ட். ரோம் ஒலிம்பிக். நகருக்கு வெளியே அல்பானோ ஏரியில் இருவர் கயாக் 1,000 மீட்டர் இறுதிப்போட்டி. முதலில் வந்த ஸ்வீடன் படகின் நேரம் 3 நிமிடம் 34.73 விநாடி. இரண்டாவதாக வந்த ஹங்கேரிக்கு 3 நிமிடம் 34.91 விநாடி. வித்தியாசம் வெறும் 0.18 விநாடி. ஒரு தடவை கண் சிமிட்டும் நேரம், அவ்வளவுதான்.

ஸ்வீடன் படகில் இருந்த இருவரில் ஒருவருக்கு வயது 27. இன்னொருவருக்கு 40. அந்த 40 வயதுக்காரர்தான் யெர்ட் ஃப்ரெட்ரிக்சன். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'கெர்ட்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஸ்வீடன்காரர்கள் வாயில் அது 'யெர்ட்'. அன்று கிடைத்தது அவருடைய 6-வது ஒலிம்பிக் தங்கம். கயாக், கேனோ இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், இத்தனை தங்கம் வாங்கிய ஆண் வீரர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

இத்தனைக்கும் அவருடைய ஒலிம்பிக் வாழ்க்கை தொடங்கியதே 28 வயதில். ஏன் அவ்வளவு தாமதம்? இவ்வளவு வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

முதலில், கயாக் ஸ்பிரிண்ட் என்றால் என்ன?

ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டிகளில் 'கே', 'சி' என்று இரண்டு எழுத்துகள் அடிக்கடி வரும். 'கே' என்றால் கயாக். படகில் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் இடம், வலம் என்று மாறி மாறி வலிக்க வேண்டும். 'சி' என்றால் கேனோ. ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு முனையில் மட்டும் தகடு உள்ள துடுப்பால் ஒரே பக்கம் வலிக்க வேண்டும். எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண், படகில் எத்தனை பேர் என்பதைச் சொல்லும். கே-1 என்றால் ஒருவர், கே-2 என்றால் இருவர்.

பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடும் தண்ணீரில் நடப்பது ஸ்லாலம். அலையில்லாத தண்ணீரில், யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்று பார்ப்பது ஸ்பிரிண்ட். ஃப்ரெட்ரிக்சனின் களம் இதுதான்.

போர் எடுத்துக்கொண்ட 8 வருஷம்

ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே, பால்டிக் கடலோரம் உள்ள சிறிய ஊர் நீஷோப்பிங். 1919 நவம்பர் 21 அன்று ஃப்ரெட்ரிக்சன் அங்கே பிறந்தார். பிற்காலத்தில் அதே ஊரில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்தார். அந்தக் காலத்து ஒலிம்பிக் முழுக்க அமெச்சூர் விளையாட்டு. அதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, மீதி நேரத்தில் படகு என்பதுதான் பெரும்பாலான வீரர்களின் நிலைமை.

கயாக் போட்டிகள் ஒலிம்பிக்கில் முறையாகச் சேர்ந்தது 1936-ல், பெர்லினில். அப்போது ஃப்ரெட்ரிக்சனுக்கு 16 வயது. அடுத்த ஒலிம்பிக் 1940-ல் நடந்திருந்தால் அவருக்கு 20. அதற்கடுத்தது 1944-ல் நடந்திருந்தால் 24. இரண்டாம் உலகப் போரால் இரண்டுமே ரத்தாகின. ஸ்வீடன் போரில் நடுநிலை வகித்த நாடு. அங்கே உள்ளூர்ப் போட்டிகள் நின்றுவிடவில்லை. ஆனால் ஒலிம்பிக் மேடை மட்டும் 12 வருஷம் மூடிக் கிடந்தது. உடல் உச்சத்தில் இருக்கும் வயது என்று நாம் நினைக்கிற காலம் அப்படியே கடந்து போனது.

லண்டனில் 2 தங்கம்

1948 லண்டன் ஒலிம்பிக். தேம்ஸ் நதியில், ஹென்லியில் படகுப் போட்டிகள். 28 வயது ஃப்ரெட்ரிக்சன் தனிநபர் கயாக்கில் 1,000 மீட்டர், 10,000 மீட்டர் என இரண்டிலும் இறங்கினார்.

இது எவ்வளவு கஷ்டம்? ஓட்டப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் புரியும். 1,000 மீட்டர் கயாக் அன்றைக்கு சுமார் நாலரை நிமிட வேலை. மூச்சு முட்டும் வேகம் வேண்டும். 10,000 மீட்டர் கிட்டத்தட்ட 50 நிமிடம். நீண்ட பொறுமை வேண்டும். கூடவே தந்திரமும் வேண்டும். முன்னால் போகும் படகு கிளப்பும் அலையில் தொற்றிக்கொண்டால் சக்தி மிச்சமாகும். யார் பின்னால் ஒட்டிக்கொள்வது, எப்போது பிய்த்துக்கொண்டு போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே துடுப்பு வலிக்க வேண்டும். ஒரே ஆள் 1,500 மீட்டர் ஓட்டத்தையும் 15 கிலோமீட்டர் ஓட்டத்தையும் ஒரே ஒலிம்பிக்கில் ஜெயிப்பது மாதிரியான விஷயம் இது.

ஃப்ரெட்ரிக்சன் ஜெயித்தார். 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரைவிட 30.5 விநாடி முன்னால். 1,000 மீட்டரில் 6.7 விநாடி முன்னால். ரோமின் 0.18 விநாடியை இங்கே நினைத்துப் பார்த்தால், 6.7 எவ்வளவு பெரிய இடைவெளி என்பது தெரியும்.

ஹெல்சிங்கியில் ஒரு தோல்வி

1952-ல் ஹெல்சிங்கி. 10,000 மீட்டரில் இந்த முறை அவரால் முதலிடத்தைத் தக்கவைக்க முடியவில்லை. சொந்த நாட்டில் களமிறங்கிய 21 வயது ஃபின்லாந்து வீரர் தோர்வால்ட் ஸ்ட்ரோம்பெர்க், சுமார் 11 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். 32 வயது ஃப்ரெட்ரிக்சனுக்கு வெள்ளி.

சாம்பியனின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்க இது போதும். ஆனால் 1,000 மீட்டர் இறுதிப்போட்டியில் அதே ஸ்ட்ரோம்பெர்க் இரண்டாம் இடத்துக்குப் போக, ஃப்ரெட்ரிக்சன் 4 நிமிடம் 7.9 விநாடியில் தங்கத்தைத் தக்கவைத்தார்.

நான்கு வருஷம் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக். படகுப் போட்டிகள் நடந்தது பல்லாரட் நகரின் வெண்டௌரி ஏரியில். ஃப்ரெட்ரிக்சனுக்கு அப்போது 37 வயது. 1,000 மீட்டரில் மூன்றாவது முறையாகத் தொடர்ந்து தங்கம். ஹெல்சிங்கியில் கைவிட்டுப் போன 10,000 மீட்டர் தங்கத்தையும் சுமார் 10 விநாடி வித்தியாசத்தில் திரும்ப எடுத்தார். அந்த ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அமெச்சூர் வீரர்களுக்கு வழங்கிவந்த முகமது தாஹெர் கோப்பையை அவருக்குத் தந்தது.

தனிப் படகிலிருந்து இருவர் படகுக்கு

1960-ல் நிலைமை மாறியது. ஒலிம்பிக் அட்டவணையிலிருந்து 10,000 மீட்டர் நீக்கப்பட்டது. இரண்டு தங்கம் தந்த போட்டியே இல்லாமல் போனது. 1,000 மீட்டர் தனிநபர் போட்டியில் டென்மார்க்கின் எரிக் ஹேன்சன் தங்கம், ஹங்கேரியின் இம்ரே சோலோஷி வெள்ளி. 12 வருஷமாக முதலிடத்தை விடாத ஃப்ரெட்ரிக்சன் மூன்றாவதாக வந்தார். வேகத்தில் இளைஞர்கள் முந்திவிட்டார்கள் என்பதை அந்த வெண்கலம் சொன்னது.

அதே ஒலிம்பிக்கில்தான் தன்னைவிட 13 வயது இளையவரான ஸ்வென்-ஓலோவ் ஷோடேலியஸுடன் ஒரே படகில் உட்கார்ந்தார். இருவர் படகில் தனி ஆளின் பலம் மட்டும் போதாது. இருவர் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீருக்குள் இறங்கி, ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். ஒருத்தர் கொஞ்சம் பிசகினாலும் படகின் வேகம் குறையும். மூன்று ஒலிம்பிக்காகத் தன் தாளத்துக்கு மட்டுமே துடுப்பு வலித்து ஜெயித்தவர், இங்கே இன்னொருவர் தாளத்தோடு சேர வேண்டியிருந்தது. சேர்ந்தார். அதன் பலன்தான் அந்த 0.18 விநாடி.

கரையில் நின்ற சாம்பியன்

அதோடு ஒலிம்பிக் படகிலிருந்து இறங்கினாலும் தண்ணீரை விட்டுப் போகவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஸ்வீடன் அணியின் பயிற்சியாளராகப் போனார். அங்கே இருவர் கயாக் 1,000 மீட்டரில் ஷோடேலியஸ் மறுபடியும் தங்கம் வென்றார். ஃப்ரெட்ரிக்சன் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது குன்னார் உட்டர்பெர்க். ஃப்ரெட்ரிக்சன் கரையில்.

2006 ஜூலை 5 அன்று, 86 வயதில் அவர் காலமானார். கணக்கில் இருப்பது 6 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம். ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்காக இத்தனை தங்கம் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. பெண்கள் பிரிவில் ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர், நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் ஆகியோர் தலா 8 தங்கத்துடன் அவரைத் தாண்டிவிட்டார்கள். படகுகளும் மரத்திலிருந்து கார்பன் ஃபைபருக்கு மாறிவிட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் கயாக் 1,000 மீட்டரை ஜெயித்தவருக்கு ஆன நேரம் சுமார் 3 நிமிடம் 24 விநாடிதான். ஹென்லியில் ஃப்ரெட்ரிக்சன் எடுத்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைவு.

நேரங்கள் எல்லாம் பழசாகிவிட்டன. ஆனால் 28 வயதில் தொடங்கி, நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கத்தோடு ஊர் திரும்பிய அந்தத் தீயணைப்பு வீரரின் கணக்கு மட்டும் ஆண்கள் பட்டியலில் 60 வருஷத்துக்கும் மேலாக முதல் வரியில் நிற்கிறது.